விண்கலத்தின் சேம அச்சு

உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த வழியிலே வண்டி செலுத்துங்கால், அச்சு முறியின் மாற்றுதற்கென வேறோர் அச்சினை வண்டியின் அடியிற் கட்டிச் செல்வர். அதனைச் சேம அச்சு என்பது பழந்தமிழ் வழக்கு. ஔவையார் புறநானூற்றிலே பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிட்டமை கற்றோர் அறிந்ததே. கடலோடிகளின் ஊராகிய வல்வெட்டித்துறையினர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. இவ்வூரிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்தது. நெடுங்கடல் செல்வார்க்கு, உடன் கொண்ட மாற்றுப் பாயும் கயிறுமே துணை.

விண்ணிற் சென்ற கலத்திற்கோ, ஒரு பாகம் பழுதுறின், பெரும்பாலும் மனிதர் சென்று மாற்றுதல் இயலாது. ஆதலின், கலத்தை அமைக்கும்போதே அதன் மின்னணுப் பலகைகளுக்கும், சிலவேளை கலம் முழுவதற்குமே, சேமம் செய்துவைப்பர். அச் சேமத்தைப் பேணும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

முதலில் அதன் பயனைக் காண்போம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இடமறிதற்குரிய செய்மதிகள் ஏழினை 2013 முதல் 2016 வரை ஏவிற்று. வேறிரண்டைச் சேமமாக வைத்தது. முதற் செய்மதியின் அணுக்கடிகாரங்கள் மூன்றும் பழுதுற்றன. காலம் பிழைத்தால் இடமும் பிழைக்கும். 2017 ஓகஸ்ட் 31 இல் ஏவப்பெற்ற சேமச் செய்மதி, வெப்பக் கவசம் பிரியாமையால் வீணாயிற்று. 2018 ஏப்ரல் 12 இல் ஏவப்பெற்ற மற்றையதே தன் இடத்தை அடைந்தது. இரண்டாவது சேமம் நல்ல நிலையில் இருந்திராவிடில் யாது நேர்ந்திருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்ப்பாராக.

சேமக் கருவிகளுக்குப் பகை மூன்று: ஈரம், மின்னேற்றம், மறதி.

ஈரத்தின் கொடுமையை எம்மூர்க் கடற்கரையிலே காணலாம். உப்புக்காற்றுப் பட்ட செம்பு பச்சை பூக்கும், இரும்பு துருவேறும். மின்னணுச் சில்லுகளின் பிளாஸ்ரிக் உறையும் ஈரத்தை உறிஞ்சும். பின்னர் ஈயப்பற்று வைக்கும் சூட்டில் அவ்வீரம் ஆவியாகி உறையை வெடிக்கச் செய்தலும் உண்டு. எனவே, ஈரம் புகாத பையிலே சிலிக்கா செல் பொதியையும், ஈரத்திற்கேற்ப நிறம் மாறும் அட்டையையும் இட்டு மூடுவர். அல்லது உலர்ந்த நைதரசன் நிரப்பிய பெட்டியில் வைப்பர். அமெரிக்காவின் திரயானா என்னும் கலம் 2001 இற் பயணம் தடைப்பட்டு, இவ்வாறே கொடாட் நிலையத்திற் பேணப்பெற்றது. 2008 இல் அதனை வெளியே எடுத்துச் சோதித்தனர். புதுப்பெயர் பெற்று 2015 பெப்ரவரி 11 இல் அது விண்ணேகிற்று.

இரண்டாவது பகை கண்ணுக்குப் புலனாகாது. நடக்கும்போது எம் உடலில் மின்னேற்றம் சேர்கின்றது. ஏறத்தாழ 3000 வோல்ற்றுக்குக் குறைந்த பொறியை நாம் உணரோம். மெல்லிய சில்லுகளோ 100 வோல்ற்றுக்கும் குறைவிலேயே கெடும். உடனே கெடுவதினும் பாதி கெடுவது கொடிது. இன்றைய சோதனையிலே தேறி, விண்ணிலே சென்று வீழும். ஆகவே, மின்கடத்தும் பட்டியை மணிக்கட்டில் அணிந்து, பத்து இலட்சம் ஓம் தடையூடாக நிலத்தோடு இணைத்த பின்னரே கருவியைத் தொடுவர். தவறி மின்சாரம் பட்டாலும் கை தப்பும்பொருட்டே அத்தடை. காற்று மிக உலர்ந்தால் மின்னேற்றம் மிகும். ஆதலின் கருவியைத் திறந்து கையாளும் அறையில் ஈரப்பதன் 30 வீதத்திற்குக் குறையாது காப்பர். ஈரமும் பகை, மிகு வறட்சியும் பகை என்க.

மூன்றாவதாகிய மறதியே பெரும்பகை. பெட்டியில் உறங்கும் கருவியிலும் மாற்றம் நிகழும். தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரினும் நுண்ணிய இழைகள் தாமே வளர்ந்து, இரு முனைகளை இணைத்துவிடும். 1998 மே 19 இல் கலக்சி 4 என்னும் செய்மதி செயலிழந்தமைக்கு அத்தகைய இழையே காரணம் எனக் கண்டனர். அதில் இருந்த மாற்றுக் கருவியும் உதவவில்லை. எனவே, சேமத்தைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும். ஆயினும் செருகிகளைப் பூட்டிக் கழற்றுந்தோறும் அவை தேயும். அதனால் எத்தனை முறை பூட்டினோம் என்பதையும் ஏட்டிற் பதிவர். ஏடு இருந்தாற் போதாது, பார்த்தலும் வேண்டும். 2003 செப்ரெம்பர் 6 இல் கலிபோர்னியாவிலே, தாங்கியிலிருந்து 24 ஆணிகள் அகற்றப்பட்டிருந்தமையைச் சரிபாராது சாய்த்தபோது, நோவா வரிசைச் செய்மதி ஒன்று நிலத்தில் வீழ்ந்தது. திருத்திய பின்னர் 2009 இலேயே அது ஏவப்பெற்றது.

இவை பிறநாட்டார்க்கு மாத்திரம் உரிய செய்திகள் அல்ல. இலங்கைப் பொறியியலாளர் யப்பானில் அமைத்த இராவணா 1 என்னும் சிறு செய்மதி 2019 இல் விண்ணை அடைந்தது. நாளை அத்தகைய பணிக்கு எம் கல்லூரி மாணவரும் செல்வர். அதற்குரிய பயிற்சியை எமது ஆய்கூட அலுமாரியிலேயே தொடங்கலாம்: பலகையை ஓரத்திற் பிடித்தல், ஈரம் புகாது மூடுதல், எடுத்ததையும் வைத்ததையும் எழுதுதல். சேமம் என்பது வைத்து மறக்கும் பொருளன்று; அழைத்த நாளில் எழுந்து பணிபுரிய வேண்டிய பொருள். உமணர் தம் அச்சினை வீட்டில் வைத்துச் செல்லவில்லை என்பதை நாம் மறவாதிருப்போமாக.