ஆற்று மணலும் கிணற்று நீரும்

பரவைப் பகுதி உழவர்களுக்கு வைகை மணல் நல்லதொரு நீர்ச் சேமிப்புக் கிடங்கு ஆகும். வெள்ள நீர் மணலில் தங்கி, கரையோரக் கிணறுகளுக்கு மெல்ல ஊறுகிறது. மணல் தொழிலால் லாரி ஓட்டுநர், சுமை தூக்குவோர், கொத்தனார் எனப் பலர் கூலி பெறுவதும் உண்மையே.

தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் மணல் குவாரிகளை அரசே ஏற்று நடத்தலாயிற்று. ஆயினும் அளவுக்கு மீறி மணல் அள்ளப்பட்டால் ஆற்றின் தரைமட்டம் தாழும். கிணற்று நீரும் உடன் இறங்கும். வாய்க்காலின் தலைப்பு மேடாகிவிடுவதால், ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் தண்ணீர் ஏறிப் பாயாது. கிணற்றை ஆழப்படுத்தும் செலவு உழவர் தலையில் விழும்.

எனவே மாதந்தோறும் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, தேதியுடன் குறித்து வைத்தல் வேண்டும். திருட்டு மணல் அள்ளுவது தெரிந்தால், அக்குறிப்புடன் வட்டாட்சியரிடம் பலரும் கூட்டாக எழுத்து மூலம் முறையிடுவது நலம்.