பழைய கேஸ் சிலிண்டரை வெட்டி விறகடுப்பு செய்யலாமா? ஒரு சி.ஏ. போட்ட கணக்கு

போன மாசம் சித்தப்பா பையன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் பழைய கேஸ் சிலிண்டரை கிரைண்டரால் வெட்டி, கதவு வெச்சு, புகைக்குழாய் மாட்டி அழகா ஒரு விறகடுப்பு செய்றார். கீழே இவனோட மெசேஜ்: "அண்ணா, வல்லத்துல தாத்தாவோட சிலிண்டர் சும்மாதானே கிடக்கு? செஞ்சிடலாமா?"

வல்லம், செஞ்சி பக்கம் எங்க ஊர். தாத்தா போனதிலிருந்து அவர் பேரில் இருந்த சிலிண்டர் மாட்டுக் கொட்டகையில் தூசி படிஞ்சு கிடக்கு. தம்பிக்குச் சென்னையில் ஐ.டி. வேலை. வாரக் கடைசியில் ஊருக்கு வந்தா வெந்நீர் போட ஒரு அடுப்பு வேணும், அவ்வளவுதான் ஆசை. ஆசையில தப்பில்லை. கணக்குல மூணு தப்பு இருக்கு.

முதல் தப்பு, அந்த சிலிண்டர் தாத்தாவோட சொத்தே இல்லை. கனெக்‌ஷன் எடுக்கும்போது நாம கட்டுறது விலை இல்லை, டெபாசிட். சிலிண்டர் கடைசி வரைக்கும் எண்ணெய் நிறுவனத்துக்குத்தான் சொந்தம். ஆபீஸ்ல உங்களுக்குக் கொடுத்த லேப்டாப் மாதிரி. பிரிட்டனில் கேலர் நிறுவனத்தின் சிலிண்டருக்கும் இதே கதைதான். வீடியோ போடுறவங்க அதைச் சொல்றதில்லை. இங்கே 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தின் கீழ், கேஸ் சிலிண்டர் விதிகள் 2016 இருக்கு. பழுதான சிலிண்டரைச் சோதிச்சு முறைப்படி அழிக்கிறது நிறுவனத்தோட வேலை, நம்மது இல்லை.

ரெண்டாவது தப்பு, "சிலிண்டர் காலி." இந்த வார்த்தையை மட்டும் நம்பாதீங்க. சிலிண்டர் மேலே வெறும் எடை எவ்வளவுன்னு பொறிச்சிருக்கும். எங்களுடையதில் 15.3 கிலோ. தராசில் வெச்சா 16.1. அதாவது "காலி" சிலிண்டருக்குள்ளே 800 கிராம் கேஸ்!

சரி, வால்வைத் திறந்து அதையும் விட்டுட்டா? அப்பவும் ஆபத்து போகாது. காற்றில் சுமார் 2 சதவீதம் எல்.பி.ஜி. கலந்தாலே தீப்பொறிக்குப் பற்றும். வீட்டு சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதுல 2 சதவீதம்னா முக்கால் லிட்டர் கூட இல்லை. எடையில் ஒன்றரை கிராம் அளவுதான். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கி நிற்கும். அதன் மேல கிரைண்டர் வெச்சா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டாம். தம்பி செஞ்சி ரோட்டுல ஒரு வெல்டிங் பட்டறையில் விசாரிச்சிருக்கான். அந்த அண்ணன் சிலிண்டர்னு கேட்டதுமே, "தம்பி, இதை நான் தொடமாட்டேன். வேற இடத்துல தொடுறேன்னு சொன்னாலும் கொடுக்காதே" என்று திருப்பி அனுப்பிட்டார். அவருக்கு இன்னும் நேர்ல ஒரு நன்றி சொல்லலை.

இப்போ மூணாவது தப்பு, நம்ம ஏரியா: "விறகுல செஞ்சா மிச்சம்." நிஜமாவா?

2025 ஏப்ரல் 8 விலையேற்றத்துக்குப் பிறகு சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868.50 ரூபாயா இருந்தது. கேஸ் கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம் தரும். நல்ல கேஸ் அடுப்பு அதுல 68 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொண்டு சேர்க்கும். ஆக ஒரு சிலிண்டர் கொடுக்கிற பயனுள்ள வெப்பம் சுமார் 1,06,000 கிலோ கலோரி.

காய்ந்த விறகு கிலோவுக்கு 3,700 என்று வைங்க. மூணு கல் அடுப்பில் அதுல 12 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும், மீதி புகையும் சூடான காற்றுமா போயிடும். அப்போ ஒரு சிலிண்டருக்கு ஈடா சுமார் 240 கிலோ விறகு எரிக்கணும். 25 சதவீதம் தரும் நல்ல அடுப்பா இருந்தா 115 கிலோ போதும். அந்த 868.50-ஐ இந்த ரெண்டாலும் வகுத்துப் பாருங்க. அந்த விலைக்கு, சாதா அடுப்புக்கு விறகு கிலோ 3.60 ரூபாய்க்குக் கீழேயும், நல்ல அடுப்புக்கு 7.50 ரூபாய்க்குக் கீழேயும் கிடைச்சாத்தான் லாபம். உங்க ஊர் விறகுக் கடையில் விலை கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. வல்லத்தில் வேலியோரம் வேலிக்காத்தான் முள், தென்னை மட்டை, கடலைத் தோல் சும்மா கிடைக்குது. அங்கே வெந்நீருக்கு விறகு சரி. சென்னை ஃபிளாட்டில் காசு கொடுத்து விறகு வாங்கி எரிக்கிறது கணக்குக்கு ஒத்துவராது. புகைக்கு அக்கம்பக்கத்துல வாங்குற திட்டு தனி.

கவனிச்சீங்களா? மிச்சம் பிடிக்கிறது சிலிண்டர் இரும்பு இல்லை, அடுப்போட அமைப்பு. அதனால நாங்க செஞ்சது செங்கல் அடுப்பு. சுமார் 20 செங்கல், களிமண், ஒரு இரும்புக் கம்பி வலை. கீழே பக்கவாட்டில் விறகு நுழையும் வாய், அதிலிருந்து நேரா மேலே போகும் நாலு அங்குலச் சதுரக் குழாய், நாலஞ்சு அடுக்கு உயரம். விறகு வலை மேல இருக்கணும், வலைக்குக் கீழே காற்று போகணும். பானைக்கும் குழாய் வாய்க்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. சுள்ளியா, நல்லாக் காய்ஞ்சதா வெச்சா புகை ரொம்பக் குறைவு. திறந்த வெளியில் மட்டும் வைங்க. அடைச்ச அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

சிலிண்டர் என்ன ஆச்சு? தாத்தாவோட டிரங்குப் பெட்டியில் சப்ஸ்க்ரிப்ஷன் வவுச்சர் இருந்தது. 2015-ல் கட்டின டெபாசிட் 1,450 ரூபாய்னு அதுல தெளிவா போட்டிருந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகள் ஒப்புதல் எல்லாம் கொடுத்து, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைச்சோம். கட்டின தொகைதான் திரும்ப வரும், வட்டி கிடையாது. அதே 1,450-ஐ வருஷம் 7 சதவீதத்தில் போட்டிருந்தா பத்து வருஷத்தில் சுமார் 2,850 ஆகியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் வேற கனெக்‌ஷன் இல்லைன்னா அவசரப்பட்டு சரண்டர் பண்ணாதீங்க. வாரிசு பேருக்கு மாத்திக்கலாம். 2022 ஜூன் 16 முதல் புது சிலிண்டர் டெபாசிட் 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. விட்டுட்டுத் திரும்ப எடுத்தா இன்றைய ரேட்டில்தான் கட்டணும். எங்க வீட்டில் சித்தப்பா பேரில் இன்னொரு கனெக்‌ஷன் இருந்ததால தைரியமா விட்டோம்.

இந்த வாரம் ஊருக்குப் போறவங்க, அந்த வவுச்சர் எங்கே இருக்குன்னு அம்மாகிட்ட கேளுங்க. பெரும்பாலும் ரேஷன் கார்டு கவருக்குள்ளேதான் இருக்கும்.