முதல் காக்கும் முறை

பொருளீட்டல் இல்வாழ்வார்க்கு இன்றியமையாத கடமையாகும். அப்பொருள் நல்வழியில் வருதல் வேண்டும். வந்தபின் காக்கப்படுதலும் வேண்டும். ஈட்டல், காத்தல் என்னும் இவ்விரண்டனுள் காத்தலே அரிது என்பது முதியோர் கண்ட உண்மை. இக்காலத்து இளைஞர் பலர், பங்குச் சுட்டெண் எதிர்கால ஒப்பந்தங்களைக் கைத்தொலைபேசியின் வாயிலாகக் காலையில் வாங்கி மாலைக்குள் விற்று இலாபங்காண முயல்கின்றனர். நம் கல்லூரியின் பழைய மாணவருள் வணிகர் உளர், கணக்காளர் உளர், கடல்கடந்து உழைப்போரும் உளர். அவர்தம் தம்பியரும் மைந்தரும் இவ்வணிகம் பற்றி வினவுங்கால், ‘நன்று’ என்றோ ‘தீது’ என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆகலின், அதன் இயல்பையும், அதில் இறங்குவோர் கைக்கொள்ள வேண்டிய கட்டுப்பாட்டையும் ஈண்டு ஒரு பாடமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

எதிர்கால ஒப்பந்தம் என்பது யாது? ஒரு பொருளைப் பின்னொரு நாளில், இன்றே முடிவு செய்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உடன்படுதலே அஃது. மாத்தளையில் மிளகு விளைவிக்கும் தோட்டக்காரர் ஒருவர், பறிக்குங் காலத்துக்கு மும்மாதம் முன்னரே வியாபாரி ஒருவரோடு விலை பேசி முடித்துக் கொள்வாராயின், விலைவீழ்ச்சி பற்றிய அச்சம் அவரை விட்டு நீங்குகின்றது. வியாபாரி அவ்வச்சத்தைத் தம் தலைமேல் ஏற்கின்றார். ஜப்பான் நாட்டு ஒசாக்கா நகரின் தோஜிமா அரிசிச் சந்தையில் இத்தகைய வணிகம் 1730ஆம் ஆண்டிலேயே அரசின் அங்கீகாரம் பெற்றது. அமெரிக்காவில் சிக்காகோ வணிகச் சபை 1848இல் தோன்றித் தானிய வணிகத்தில் இம்முறையை வளர்த்தது. பல கம்பனிகளின் பங்கு விலைகளைச் சேர்த்துக் கணிக்கும் எண்ணே பங்குச் சுட்டெண். அச்சுட்டெண்ணின் மீது ஒப்பந்தம் செய்யும் வழக்கம் 1982இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரச் சந்தையில் தொடங்கி, 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் மும்பாயை எட்டிற்று. மிளகைப் போலச் சுட்டெண்ணை மூட்டையிற் கட்டிக் கொடுத்தல் இயலாது; ஆதலின் விலை வேறுபாடு மட்டும் பணமாகத் தீர்க்கப்படுகின்றது.

ஊக வணிகம் மாத்தளை மண்ணுக்குப் புதிதன்று. 1840களில் கோப்பித் தோட்டம் வாங்கும் வேட்கை மலைநாட்டில் தீப்போலப் பரவிற்று. அரசாங்க உத்தியோகத்தரும் படையதிகாரிகளுங்கூடக் காணி வாங்கினர். 1847இல் இங்கிலாந்தில் நேர்ந்த பணநெருக்கடியோடு கோப்பி விலை வீழ்ந்தது. தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. அரசின் வருவாய் குன்றிற்று. அக்குறையை நிரப்ப விதித்த புதிய வரிகள் 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்குக் காரணங்களாயின. மீண்டுந் தழைத்த கோப்பி, 1869இல் கண்டறியப்பட்ட இலைநோயால் நாளடைவில் அழிந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கியும் முறிந்தது. முதலிட்ட துரைமார் பலர் தம் நாடு திரும்பினர். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் வந்து இம்மலைகளில் உழைத்த நம் முன்னோரோ, நிலுவைக் கூலிக்காகக் காத்து நின்றனர். ஒருவர் ஊகத்தின் இழப்பு அவரோடு நில்லாது, அவரை நம்பியிருப்போர் வயிற்றையுஞ் சுடும் என்பது நாம் நம் ஊரிலேயே கற்ற பாடம்.

இனி, இவ்வணிகத்தின் ஆற்றலும் ஆபத்தும் ஓரிடத்தே உறைதலைக் காண்போம். ஒப்பந்தத்தின் முழுப் பெறுமதியையும் செலுத்த வேண்டுவதில்லை. மார்ஜின் எனப்படும் பிணைப்பணம் மட்டும் செலுத்தினாற் போதும். ஓர் உதாரணம் கொள்வோம். சுட்டெண் 30,000 புள்ளியில் நிற்கின்றது. ஒரு புள்ளிக்கு 50 ரூபா. ஆகவே ஓர் ஒப்பந்தத்தின் பெறுமதி 15 இலட்சம் ரூபா. பிணைப்பணம் நூற்றுக்குப் பத்தாயின், அது ஒன்றரை இலட்சம். சுட்டெண் நூற்றுக்கு இரண்டு மட்டும் இறங்கினாலும் 600 புள்ளி, அதாவது 30,000 ரூபா நட்டம். இட்ட பிணைப்பணத்தில் ஐந்திலொரு பங்கு அன்றே போயிற்று. இலாபமும் அவ்வாறே பெருகும் என்பது மெய்யே. எனினும் முதல் ஒழிந்தவன் அடுத்த நாள் இலாபத்தைக் காணக் களத்தில் இரான்.

இவ்வுண்மையினின்றே கட்டுப்பாட்டு விதிகள் பிறக்கின்றன.

முதலாவது, ஒரு வணிகத்தில் எவ்வளவு இழக்கலாம் என்பதை, இறங்குமுன் வரையறுத்தல். மூலதனம் 10 இலட்சமாயின், நூற்றுக்கு ஒன்று, அதாவது 10,000 ரூபாவே ஒரு வணிகத்தின் எல்லை எனக் கொள்வோம். எந்த விலையில் நட்டத்தோடு வெளியேறுவது என்பதையும் முன்னரே குறித்து, அதற்கான ஸ்டாப்-லாஸ் கட்டளையைத் தரகரிடம் பதிதல் வேண்டும். அவ்விலை 40 புள்ளி தொலைவில் இருப்பின், ஓர் ஒப்பந்தத்துக்கு இழப்பு 2,000 ரூபா. ஆகவே ஐந்து ஒப்பந்தம் வரை கொள்ளலாம். 100 புள்ளி தொலைவாயின் இரண்டே கொள்ளலாம். 250 புள்ளி தொலைவாயின் ஓர் ஒப்பந்தத்தின் இழப்பே 12,500 ரூபாவாகும். அன்று அவ்வணிகம் நமக்குரியதன்று என ஒதுங்குதலே முறை. சந்தை விரைந்து வீழுங்கால் குறித்த விலை கிடையாது போதலும் உண்டு; ஆதலின் எல்லையைச் சிறிதாக வைத்தல் நன்று.

இரண்டாவது, நாளெல்லை. ஒரே நாளில் மூன்று முறை நட்டமுற்றால் அன்றைய வணிகத்தை நிறுத்துதல் வேண்டும். இழந்ததை அன்றே மீட்பேன் என்னும் வெகுளி, அறிவின் கண்ணை மறைக்கும்.

மூன்றாவது, நட்டத்தில் நிற்கும் ஒப்பந்தத்தோடு மேலும் ஒப்பந்தம் சேர்த்தலை ஒழித்தல். நான்காவது, நாள் வணிகமென்று தொடங்கியதை மாலைக்குள் முடித்தல். நட்டத்துக்கு அஞ்சி அதனை மறுநாளுக்குக் கொண்டு செல்லுதல் தன் விதியைத் தானே மீறுவதாகும். ஐந்தாவது, ஒவ்வொரு வணிகத்தையும் காரணத்தோடு குறிப்பேட்டில் எழுதி, வாரந்தோறும் தன்னைத் தானே பரிசோதித்தல். ஆறாவது, கடன்பட்ட பணமும், அடகு வைத்த நகையின் பணமும், பிள்ளைகளின் கல்விக்கென வைத்த பணமும் இக்களத்துக்குள் வாராதிருத்தல்.

இவ்விதிகளின் பயனைக் கணக்கே காட்டும். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் பத்திலொரு பங்கை இழப்பவன், தொடர்ந்து பத்து முறை தோற்றால் ஓர் இலட்சம் ஏறத்தாழ 34,900 ரூபாவாகச் சுருங்கும். நூற்றிலொரு பங்கை மட்டும் இழப்பவனிடம் 90,400 ரூபா எஞ்சும். பாதியை இழந்தவன் பழைய நிலையை அடைய, எஞ்சியதை இருமடங்காக்குதல் வேண்டும். இறங்குதல் எளிது, ஏறுதல் அரிது.

விதியை மீறியோர் வரலாறும் உண்டு. இலண்டன் மாநகரில் 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்பவர் ஜப்பானிய நிக்கேய் சுட்டெண் ஒப்பந்தங்களில் வணிகம் புரிந்தார். நட்டங்களை 88888 என்னும் கணக்கில் மறைத்தார். 1995 ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரில் நிலநடுக்கம் நேர்ந்தது. ஜப்பானியப் பங்கு விலைகள் வீழ்ந்தன. அப்போதும் வெளியேறாது, மேலும் மேலும் ஒப்பந்தங்களை வாங்கிக் குவித்தார். இழப்பு 80 கோடிப் பவுணைக் கடந்தது. 233 ஆண்டு வாழ்ந்த வங்கி பெப்ரவரி மாத இறுதியில் முறிந்து, ஒரு பவுண் விலைக்கு டச்சு நிறுவனமொன்றின் கைக்கு மாறிற்று. வணிகம் செய்பவரே கணக்கையும் எழுதியமையால் அவரைத் தடுப்பார் இல்லை. தனித்து வணிகம் புரியும் இளைஞனுக்கும் தடுப்பார் இல்லை. அவன் எழுதி வைத்த விதி ஒன்றே அவனுக்கு மேலதிகாரி.

விதிகளைக் கைக்கொண்டால் இலாபம் உறுதியோ எனின், அன்று. நூறு வணிகத்தில் நாற்பதில் வென்று இரண்டு பங்கு பெற்று, அறுபதில் தோற்று ஒரு பங்கு இழப்பவனுக்கு மிச்சம் இருபது பங்கு. தரகும் வரியுமாக ஒவ்வொரு வணிகத்துக்கும் ஐந்திலொரு பங்கு செலவாயின், அவ்விருபதும் தீர்ந்து ஒன்றும் எஞ்சாது. இது வெறுங் கணக்கன்று. இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு நிறுவனமாகிய செபி 2024 செப்ரெம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 மார்ச்சில் முடிந்த ஆண்டு முதல் மூன்று நிதியாண்டுகளில், எதிர்கால ஒப்பந்தங்களிலும் விருப்புரிமை ஒப்பந்தங்களிலும் ஈடுபட்ட தனிநபருள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். அவர்தம் மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி இந்திய ரூபா. செலவு போக ஓர் இலட்சத்துக்கு மேல் ஈட்டியவர் நூற்றில் ஒருவரே. பிரேசில் நாட்டில் 2013 முதல் 2015 வரை சுட்டெண் ஒப்பந்த நாள் வணிகத்தைத் தொடங்கியோரை ஆராய்ந்தவர்களும், 300 நாளுக்கு மேல் விடாது முயன்றோருள் நூற்றுக்கு 97 பேர் இழந்தனர் எனக் கண்டனர். பழகப் பழக இலாபம் வரும் என்னும் நம்பிக்கையை இவ்வெண்கள் தாங்கவில்லை.

ஆயின் கட்டுப்பாட்டால் பயன் யாது? இழப்பு எவ்வளவு என்பதை நம் கைக்குள் வைத்தலே அதன் பயன். வரவிருக்கும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலைத் தொலைக்கும் செயலில் அறிவுடையோர் முனையார் என்பது திருக்குறளின் தெரிந்து செயல்வகை அதிகாரத்தில் வரும் கருத்து. இதனை வகுப்பறையிற் பொருள் கூறிப் பரீட்சையில் எழுதிவிட்டு மறத்தல் கல்வியாகாது.

ஆதலின் மாணவச் செல்வர்களுக்கு யாம் கூறுவது இது: ஆறு மாதம் பணமின்றிக் காகிதத்தில் வணிகம் செய்து கணக்கெழுதுங்கள், செலவையுஞ் சேர்த்தே எழுதுங்கள். அக்கணக்கு இலாபங் காட்டாதாயின் மெய்ப்பணமுங் காட்டாது. வெளிநாட்டுச் சந்தையிற் பணம் இட முனைவோர், 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தையும், தரகருக்கு உரிமம் உண்டா என்பதையும் முதலிற் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் நிச்சய இலாபம் தருவேன் என்பவரை அணுகவே விடாதீர்கள். பழைய மாணவராகிய சோதரர்களே, உங்கள் இல்லத்து இளைஞர் இவ்வணிகத்தில் இறங்கியிருப்பின் கடிந்து விலக்காது, அவர்தம் கணக்கேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நட்டத்தை மறைக்க வேண்டாத வீட்டில் நட்டம் பெருகுவதில்லை. முதலும், அதனினுஞ் சிறந்த மன அமைதியும் நம் மக்களிடத்து நிலைபெறுவனவாக.