வாய் ஒன்று, ஆற்றல் வேறு



“சார்ஜர் சரியாகப் பொருந்துகிறது, ஆயினும் மடிக்கணினியில் மின்சாரம் ஏறவில்லையே, ஐயா!” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. 2020-ஆம் ஆண்டின் நடமாட்டக் கட்டுப்பாட்டிற்குப் பின் தோட்ட வீடுகளிலும் மடிக்கணினி புகுந்துவிட்டமையால், இதன் காரணத்தை அனைவரும் அறிதல் நன்று.

முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வகைச் சார்ஜரைச் செய்து விற்றது. ஐரோப்பாவில் 2009-இல் கைப்பேசிகளுக்கு மட்டுமே 30-க்கு மேற்பட்ட வகைகள் இருந்தன. குப்பை பெருகவே, ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் இயற்றிற்று. அதன்படி கைப்பேசிகள் 2024 டிசம்பர் 28 முதல் யூஎஸ்பி-சி என்னும் ஒரே வகை வாயைக் கொண்டிருத்தல் வேண்டும். மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என நாள் குறிக்கப்பட்டது. இச்சட்டம் அங்குள்ள 27 நாடுகளுக்கே உரியது. எனினும் ஒரே பொருளை உலகெங்கும் விற்பது நிறுவனங்களுக்கு எளிதாதலின், அதே வாய் நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்துவிட்டது.

வாய் ஒன்றானதால் ஆற்றலும் ஒன்றாகிவிடுமோ? ஆகாது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். கைப்பேசியின் சிறு சார்ஜர் 5 வோல்ட், 3 ஆம்பியர் தருமாயின் 15 வாட். மடிக்கணினியின் சார்ஜர் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் எனில் 65 வாட். சிறியதை மடிக்கணினியில் செருகினால், அது ஏற்க மறுக்கும். அல்லது வரவைவிடச் செலவு மிகுந்து பேட்டரி இறங்கிக்கொண்டே போகும்.

பெரிய சார்ஜரைக் கைப்பேசியில் செருகினால் வெடித்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். முறைப்படி செய்யப்பட்டதாயின் அவ்வச்சம் வேண்டா. முதலில் 5 வோல்ட் மட்டுமே வரும். பின்னர் இரு கருவிகளும் மின்குறிகளால் பேசிக்கொள்ளும். தன்னால் 9, 15, 20 வோல்ட் தர இயலும் எனச் சார்ஜர் அறிவிக்க, கைப்பேசி தனக்கு ஏற்றதை மட்டும் கேட்டுப் பெறும்.

கேபிளுக்கும் எல்லை உண்டு. சாதாரணக் கேபிளில் 3 ஆம்பியரே செல்லும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேண்டின், தான் 5 ஆம்பியர் தாங்குவதாக அறிவிக்கும் சிறு சிப் ஒன்று கேபிளினுள் இருத்தல் வேண்டும். அப்போது 100 வாட் வரை செல்லும். 2021-இல் இவ்வெல்லை 48 வோல்ட், 5 ஆம்பியர் என உயர்த்தப்பட்டது. அது எத்தனை வாட் என்பதை நான்காம் ஆண்டு மாணவர்கள் கணக்கிடுக.

சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் இரு வரிகள் இருக்கும். ‘இன்புட்’ என்பது சுவரிலிருந்து வாங்குவது. அதனைப் பெருக்கிப் பயனில்லை. ‘அவுட்புட்’ வரியில் 20 வோல்ட் உள்ள இடத்தைப் பெருக்குங்கள். விடை, மடிக்கணினியுடன் வந்த சார்ஜரின் வாட்டுக்குக் குறையாதிருந்தால் வாங்கலாம். உருண்டை முனை கொண்ட பழைய மடிக்கணினிகளுக்கோ இது போதாது. அவற்றுக்கு முனையும் வோல்ட்டும் அப்படியே ஒத்திருத்தல் வேண்டும். இரவுச் சந்தையில் இவ்வரிகளே அச்சிடப்படாத சார்ஜரைக் கண்டால், எத்துணை மலிவாயினும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.