கம்பு ரொட்டியைச் சுருட்டலாம் வாங்க!

நான் கொருக்குப்பேட்டையில் குடியிருப்பவள். நிலம் கிடையாது, மொட்டை மாடியில் எட்டுத் தொட்டி கீரை, அவ்வளவுதான். திண்டிவனம் பக்கம் இயற்கை விவசாயம் செய்யும் என் தம்பியிடம் தானியம் வாங்கி, எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறேன்.

போன வருஷம் 20 கிலோ கம்பை மொத்தமாக மிஷினில் அரைத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டே வாரத்தில் "அக்கா, மாவு கசக்குது"ன்னு பாதிப் பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேர், "தட்டினா விண்டு போகுதுக்கா, பிள்ளைங்க தொட மாட்டேங்குது" என்றார்கள். பாடுபட்டு விளைவித்த தம்பியிடம் என்ன பதில் சொல்ல? இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

தப்பு கம்பில் இல்லை, என்னிடம்தான். கம்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு உண்டு. மணியாக இருக்கும்வரை அது முளைப்பகுதிக்குள் பத்திரமாக இருக்கும். அரைத்துவிட்டால் மாவிலுள்ள நொதிகள் அதைச் சிதைக்க ஆரம்பிக்கும், கசப்பு அதனால்தான். ஆகவே மணியாகவே வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்க வேண்டும்.

விண்டு போவதற்குக் காரணம் வேறு. கோதுமையில் இருக்கும் பசைப் புரதம் கம்பில் இல்லை. பச்சைத் தண்ணீரில் எவ்வளவு பிசைந்தாலும் இழுவை வராது. கொழுக்கட்டைக்கு மாவு கிளறுகிறோமே, அதே வழிதான் இதற்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டுக் கொதிக்கவைத்து, அடுப்பைத் தணித்து, ஒரு டம்ளர் மாவைக் கொட்டிக் கிளறி, இறக்கி, பத்து நிமிஷம் மூடிவையுங்கள். மாவுச்சத்து வெந்து பசையாகிவிடும். கை பொறுக்கும் சூட்டிலேயே அழுத்திப் பிசையணும்; ஆறவிட்டால் மறுபடி வெடிக்கும். மெல்லிசாகத் தேய்த்து, காய்ந்த கல்லில் இருபுறமும் போட்டெடுத்து, பருத்தித் துணியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி வையுங்கள். அந்த ஆவியில்தான் ரொட்டி மடங்கும் பதத்துக்கு வரும். இதை விட்டுவிட்டு, சுருட்டும்போது உடையுதேன்னு என்னைத் திட்டாதீர்கள்!

உள்ளே வைக்க முதல் நாள் ஊறிய தட்டைப்பயறுச் சுண்டல், வதக்கிய முருங்கைக்கீரை, துருவிய கேரட். அடியில் கெட்டியான பொட்டுக்கடலைச் சட்னி தடவினால் காய் நழுவாது. தக்காளி வேண்டுமென்றால் விதையும் சாறும் நீக்கிப் போடுங்கள், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் நைந்துவிடும்.

ஸ்டேஷன் பக்கம் மைதா ரோல் வாங்கித் தின்னும் பிள்ளைகளுக்கு இது "கம்பு ராப்" ஆகிவிட்டது. பெயர் என்னவானால் என்ன! காலை ஆறு மணிக்குத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில்தான் இதற்கு மவுசு அதிகம். ஒரு கையில் பிடித்துத் தின்னலாம், தட்டு வேண்டாம். மதியம் விறைத்துப்போகிறது என்று ஒரு தங்கச்சி சொன்னாள். எண்ணெயை இன்னும் அரை ஸ்பூன் கூட்டச் சொன்னேன், பரவாயில்லையாம்.

விளைவிக்கிற நீங்கள் கம்பு மூட்டையோடு இந்தக் கிளறும் பக்குவத்தையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். இந்த மாதம் தம்பியிடம் 25 கிலோ கேட்டிருக்கிறேன், மணியாகத்தான்.