மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர்

பாலக்காடு மாவட்டம், சித்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். இங்கே கரிசல் மண் உண்டு. மிளகாய், காய்கறி நடுகிறோம்.

எங்கள் மையத்தில் ஓர் அக்கா படிக்கிறார். அயல்கூட்டத்தில் கடன் வாங்கி, 10 சென்ட் நிலத்தில் மிளகாய் நட்டார்.

மறுநாள் மதியம் நாற்றுகள் தலை சாய்ந்தன. அக்கா பயந்துவிட்டார். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் தண்ணீர் பாய்ச்சினார். எட்டாம் நாள் பல நாற்றுகள் மஞ்சளாயின. சில செத்துப் போயின.

பக்கத்து வயல் பெரியவர் வந்தார்.

"என்ன அம்மிணி, வயல் சேறாகக் கிடக்கிறதே?"

"தண்ணீர் விட விட வாடுதுங்க, மாமா. கடனை எப்படிக் கட்டுவேன்?"

பெரியவர் ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது.

"வேர் அழுகிவிட்டது அம்மிணி. வேருக்குத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் காற்றுக்கு இடமில்லை. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் சேற்றில் நின்றும் செடி வாடுகிறது."

"நட்ட மறுநாளே வாடியதே, மாமா?"

"பிடுங்கும்போது சிறு வேர்கள் அறுந்துவிடும். புது வேர் வரும் வரை மதிய வெயிலில் வாடும். மாலையில் நிமிர்ந்துவிடும். அதற்கு நிழல் கொடுத்தால் போதும்."

நாம் செய்ய வேண்டியவை

1. நாற்றைப் பிடுங்கும் முன் நாற்றங்காலை நனையுங்கள். வேர் அதிகம் அறுபடாது.

2. வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். நட்டவுடன் வேர் நனையத் தண்ணீர் விடுங்கள்.

3. வெயில் கடுமையாக இருந்தால், 3 அல்லது 4 நாள் தழைகளால் நிழல் கொடுங்கள்.

4. மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் விடுங்கள்.

5. பிறகு மண்ணைப் பார்த்துப் பாய்ச்சுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் பொறுங்கள். காய்ந்திருந்தால் பாய்ச்சுங்கள். கரிசல் மண்ணில் ஈரம் பல நாள் நிற்கும். மணல் மண் சீக்கிரம் காயும்.

6. மழை நீர் வடிய வாய்க்கால் வெட்டி வையுங்கள்.

காலையிலேயே செடி வாடி நிற்கிறதா? மண்ணும் ஈரமாக இருக்கிறதா? அது தாகம் அல்ல. வேர் அழுகலாகவோ வாடல் நோயாகவோ இருக்கலாம். தண்ணீரை நிறுத்துங்கள். ஒரு செடியை எடுத்துக்கொண்டு கிருஷி பவனுக்குப் போய்க் கேளுங்கள். வாடல் நோயைத் தாங்கும் மிளகாய் ரகமும் உண்டு. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உஜ்வலா அப்படிப்பட்டது.

அக்கா அன்றே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். பாதிக்கு மேல் பிழைத்தன. செத்த இடங்களில் மீதி நாற்றை நட்டார். இப்போது அவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தண்ணீர் விட்ட தேதியை அதில் தானே எழுதுகிறார். முன்பு கைநாட்டு வைத்தவர் அவர்.

பேசுவோம்

1. ஈர மண்ணில் நின்றும் நாற்று ஏன் வாடியது?

2. உங்கள் ஊர் மண் எப்படிப்பட்டது? அதில் ஈரம் எத்தனை நாள் நிற்கும்?

எழுதுவோம்

உங்கள் செடிக்குத் தண்ணீர் விட்ட தேதிகளை ஒரு மாதம் எழுதி வாருங்கள்.