தம்பிக்கும் மகளுக்கும் ஒரே நோயா?

கேள்வி: டாக்டர், திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறான். போன தீபாவளிக்கு முன்னால் பத்து நாள் அவன் கண் மூடவில்லை. விடிய விடியப் பேச்சு. ஊரையே விலைக்கு வாங்கப் போவதாகச் சொல்லி, வட்டிக்குப் பணம் வாங்கி, வண்டி வண்டியாகச் சரக்கு இறக்கினான். கோடாங்கியிடம் குறி கேட்டோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். கடைசியில் மதுரையில் அட்மிட் செய்த பிறகுதான் அடங்கியது. சீட்டில் ‘பி.பி.ஏ.டி.’ என்று எழுதியிருந்தார்கள்.

என் மகளுக்கு 20 வயது, கல்லூரியில் படிக்கிறாள். இரண்டு வருடமாக டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டாள். இப்போது வேறொரு டாக்டர், “இது பைபோலார், இரண்டாம் வகை” என்று சொல்லி மருந்தை மாற்றியிருக்கிறார். அவள் ஒருநாளும் மாமனைப் போல நடந்துகொண்டதில்லை. நடுநடுவே நாலைந்து நாள் நல்ல உற்சாகமாக இருப்பாள். எங்கள் வீடே அப்போதுதான் கலகலப்பாக இருக்கும். இரண்டாம் வகை என்றால் லேசானதா? நாளைக்கு இவளும் தம்பியைப் போல ஆகிவிடுவாளா? கல்யாணம் பேசலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.

பதில்: அன்புள்ள அம்மா, வீடு கலகலப்பாக இருந்த அந்த நாலைந்து நாட்களைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பெரும்பாலான பெற்றோர் அதைச் சொல்வதே இல்லை. பிள்ளை அழுதால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். சிரித்தால் யார் அழைத்துப் போவார்கள்? பைபோலார் இரண்டாம் வகை பல வருடங்கள் வெறும் மனச்சோர்வு என்ற பெயரிலேயே ஒளிந்துகிடப்பது இதனால்தான்.

தம்பியின் சீட்டில் எழுதியிருந்த ‘பி.பி.ஏ.டி.’ என்பதும், மனம் அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகிற இந்த பைபோலார் நோய்தான். அவருக்கு வந்தது அதில் முதல் வகை என்று உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது. இதன் அடையாளம் ‘மேனியா’ என்கிற மனஎழுச்சி. குறைந்தது ஒரு வாரம் நீடிக்கும், அல்லது அதற்குள்ளேயே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்கு முற்றிவிடும். தூக்கமே தேவைப்படாது, பேச்சு ஓயாது, பணம் தண்ணீராய்ச் செலவாகும். தனக்கு மேல் யாருமில்லை என்ற நினைப்பு வரும். சிலருக்குக் காதில் குரல்கூடக் கேட்கும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை இப்படி வந்திருந்தாலும் அது முதல் வகைதான்.

மகளுக்குச் சொல்லியிருப்பது இரண்டாம் வகை. இதில் வருவது ‘ஹைப்போமேனியா’. குறைந்தது நான்கு நாள் இருக்கும். மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்புத் தெரியாது. வழக்கத்தைவிடப் பேச்சும் திட்டங்களும் கூடும். கூட இருப்பவர்களுக்கு அந்த மாற்றம் தெரியும். ஆனால் படிப்போ வேலையோ குலைந்துபோகாது, ஆஸ்பத்திரி வரைக்கும் போகாது. இத்துடன் இரண்டு வாரமாவது நீடித்த கடும் மனச்சோர்வு ஒருமுறையாவது வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ‘சைக்ளோதைமியா’. இரண்டு வருடத்துக்கு மேலாக மனம் ஏறியும் இறங்கியும் கொண்டே இருக்கும். ஆனால் முழு எழுச்சியும் வராது, முழுச் சோர்வும் வராது. இவை தவிர, ஸ்டீராய்டு மாத்திரை, தைராய்டு மிகுதி, போதைப்பொருள் போன்றவற்றாலும் மேனியா போன்ற நிலை வரலாம். முதலில் ரத்தப் பரிசோதனை எழுதுவது அதற்காகத்தான். ஒரே வருடத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ எழுச்சியோ சோர்வோ வந்தால், முதல் வகையானாலும் இரண்டாம் வகையானாலும் ‘ராப்பிட் சைக்ளிங்’ என்று சேர்த்து எழுதுவோம். அதற்கு மருந்து அமைப்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி, லேசானதா என்ற கேள்வி. ஒன்று, இரண்டு என்பது பள்ளிக்கூட ரேங்க் அல்ல, அம்மா. முதல் வகையில் ஏற்றம் பெரிது. இரண்டாம் வகையில் இறக்கம் நீளம். அமெரிக்காவில் நோயாளிகளைப் பதின்மூன்று வருடம்போலப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வகைக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு வாரங்களைச் சோர்வில் கழித்தார்கள். இரண்டாம் வகைக்காரர்கள் கழித்தது ஏறத்தாழ பாதி வாரங்கள்; அவர்கள் ஹைப்போமேனியாவில் இருந்தது நூற்றுக்கு ஒரு வாரம் போலத்தான். அந்த ஒன்றைக் கேட்டறியாவிட்டால் நோயின் பெயரே தவறிவிடும். தற்கொலை ஆபத்தும் இரண்டாம் வகையில் குறைவு என்று நினைக்கக் கூடாது. மகள் ‘இருந்து என்ன பயன்’ என்று பேசினால், அதை நோயின் குரலாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தை மாற்றியதற்கும் காரணம் உண்டு. பைபோலார் உள்ளவருக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அதுவே மனதை மேலே தூக்கிவிடும், அல்லது ஏற்ற இறக்கத்தை வேகப்படுத்தும். அதனால் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து முக்கியமாகிறது. முந்தைய டாக்டர்மேல் கோபப்படாதீர்கள். இரண்டாம் வகையை மருத்துவ உலகமே 1976-இல்தான் தனியாகப் பிரித்துப் பெயரிட்டது.

தம்பியைப் போல ஆகிவிடுவாளா? இரண்டாம் வகையினரில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்குப் பிற்காலத்தில் முழு மேனியா வந்து முதல் வகையாக மாறுவதுண்டு. மற்றவர்கள் மாறுவதில்லை. குடும்ப வழி உண்மைதான், ஆனால் அது விதி அல்ல. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால்கூட, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது வருவதில்லை. உங்கள் வளர்ப்பிலும் குறையில்லை, செய்வினையும் இல்லை.

கல்யாணம் தாராளமாகப் பேசலாம், அவள் விருப்பப்பட்டு, நோய் அடங்கியிருக்கிற காலத்தில். மறைத்துக் கட்டிவைக்காதீர்கள். மறைத்தால் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டிவரும். அது நாலு நாளில் நின்றுபோகும். அவளுக்கு எழுதியிருக்கும் மருந்து ‘வால்ப்ரோயேட்’டா என்று டாக்டரிடம் கேளுங்கள். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்கிறோம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய சில வாரங்கள் இந்த நோய் திரும்பக்கூடிய காலம். கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்.

தம்பியோ மகளோ மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிட்டால், நம் திண்டுக்கல் வெயிலில் ஒரு எச்சரிக்கை. வியர்வையிலும் வயிற்றுப்போக்கிலும் உடம்பின் நீரும் உப்பும் குறைந்தால், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைப் போடக் கூடாது. கை நடுக்கம் கூடினாலோ, வாந்தி, தள்ளாட்டம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் சொன்ன தேதியில் பார்த்துவிடுங்கள்.

மதுரைக்கு அலைய முடியாத நாளில் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இரவு, பகல் எந்நேரமும் 14416 என்ற ‘டெலி-மானஸ்’ மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. கோயிலுக்குப் போய் விளக்குப் போடுங்கள், மனதுக்குத் தெம்பு. மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது.

ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், மனம் எப்படி இருந்தது என்று தினமும் ஒரு வரி, அவள் கையாலேயே எழுதட்டும். பரீட்சைக்கு விடிய விடிய விழிப்பது அவளுக்கு ஆகாது. தூக்கம் கெடுவதே மனம் ஏறுவதற்குக் காரணமாகலாம். அந்த நோட்டை ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி அவள் சிரிக்கும்போதெல்லாம் உங்களுக்குப் பகீரென்று இருக்கும். ஆனால் பாஸான சந்தோஷத்தில் ஆடுகிற பிள்ளையும் ராத்திரி களைத்துப்போய்த் தூங்கிவிடும். அவள் தூங்கினாளா என்று மட்டும் பாருங்கள். தூங்கி எழுந்து சிரித்தால், கூடச் சேர்ந்து சிரியுங்கள் அம்மா.